கூட்டினால் 14, கேட்டால் 16: ஸ்ட்ரக்சரின் அளவு எது?

வாசகர் கேள்வி: கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பி.எம்.பி. படக் கோப்பைத் திறந்து அதன் அகலத்தையும் உயரத்தையும் காட்டும் சிறிய சி நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோப்பின் தொடக்கத்தில் உள்ள தலைப்பில் 2, 4, 2, 2, 4 பைட் என ஐந்து உறுப்புகள், கூட்டினால் 14. அதை ஸ்ட்ரக்சராக (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய வகை) எழுதி, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தேன். 4 பைட் உறுப்புகளை முதலில் அன்சைன்ட் லாங் என்று எழுதியிருந்தேன். வீட்டில் உபுண்டுவில் 32 வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் விண்டோஸில் 16 வந்தது. லாங்கை யுஇன்ட்32_டி என்று மாற்றிய பிறகு இரண்டிலும் 16. எதிர்பார்த்த 14 எங்கும் வரவில்லை. 200-க்கு 200 அளவுள்ள படத்தைப் படித்தால் கோப்பின் அளவு 1 என்றும், அகலம் 13107200 என்றும், உயரம் 65536 என்றும் காட்டுகிறது. ஒவ்வொரு உறுப்பின் அளவையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது எப்படி? பேக் செய்துவிட்டால் (உறுப்புகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தால்) சரியாகிவிடும் என்கிறாள் தோழி, செய்யலாமா? படித்த பைட்டுகளை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி அதற்குள் சைஸ்ஆஃப் கேட்டால் 8 என்கிறதே, அது ஏன்?

பதில்: சைஸ்ஆஃப் உங்களுக்குத் தந்த எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. 14 என்பது கோப்பு அமைப்பு சொல்லும் அளவு. 16-உம் 32-உம் அந்தந்தக் கணினியின் நினைவகத்தில் உங்கள் ஸ்ட்ரக்சர் பிடிக்கும் இடம். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட இடத்தில்தான் படம் கெட்டது. ஸ்ட்ரக்சரின் அளவை உறுப்புகளைக் கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது; கம்பைலரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் வழிகளைப் பார்ப்போம்.

நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டச்சு செய்யும்போது சி மொழியின் சொற்களை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் இட்டுக்கொள்ளுங்கள். உறுப்புகளின் பெயரை உங்கள் விருப்பப்படி வையுங்கள். உங்கள் ஸ்ட்ரக்சர் இப்போது இப்படி இருக்கும்:

ஸ்ட்ரக்ட் கோப்புத்தலை {
    யுஇன்ட்16_டி குறி;
    யுஇன்ட்32_டி மொத்தம்;
    யுஇன்ட்16_டி காலி1;
    யுஇன்ட்16_டி காலி2;
    யுஇன்ட்32_டி படத்தொடக்கம்;
};

முதலில் அந்த 32. சி மொழியில் லாங் என்றால் இத்தனை பைட் என்று நிலையான விதி கிடையாது. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் அதே லாங் 4 பைட். விண்டோஸ் ஆவணங்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் லினக்ஸுக்கு வந்ததும் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கோப்பு, நெட்வொர்க், வன்பொருள் ஆகியவற்றோடு பேசும் ஸ்ட்ரக்சரில் இன்ட், லாங் என்று எழுதவே வேண்டாம். சி99 தரம் கொண்டுவந்த எஸ்டிடிஇன்ட் ஹெடரில் உள்ள யுஇன்ட்16_டி, யுஇன்ட்32_டி, இன்ட்32_டி போன்றவை எந்தக் கணினியிலும் பிட் எண்ணிக்கை மாறாதவை. நீங்கள் மாற்றியது சரியான மாற்றம். அது தீர்த்தது பாதிச் சிக்கலை.

மீதிப் பாதிக்குக் காரணம் அலைன்மென்ட். ஒவ்வொரு வகைக்கும், நினைவகத்தில் எந்த எண்ணின் மடங்கான முகவரியில் அது உட்கார வேண்டும் என்று ஓர் ஒழுங்கு உண்டு. 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் 1 பைட் வகையான கேர் எங்கு வேண்டுமானாலும் உட்காரும். 2 பைட் வகை 2-இன் மடங்கில். 4 பைட் வகை 4-இன் மடங்கில். 8 பைட் வகைகளான டபுளும், முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரும் 8-இன் மடங்கில். உறுப்புகளை நீங்கள் எழுதிய வரிசையை மாற்றக் கம்பைலருக்கு உரிமை இல்லை. முதல் உறுப்புக்கு முன்னால் இடம் விடவும் கூடாது. அது எப்போதும் 0-இல்தான் தொடங்கும். ஆகவே ஒழுங்கைக் காக்க அதற்கு இருக்கும் ஒரே வழி, உறுப்புகளுக்கு நடுவிலும் கடைசியிலும் வெற்று பைட்டுகளை விடுவது. பேடிங் என்பது இந்த நிரப்பு பைட்டுகள்தான்.

கையாலேயே போட்டுப் பாருங்கள். குறி 0-இல் தொடங்கி 2 பைட் எடுக்கிறது. அடுத்த காலி இடம் 2. ஆனால் அடுத்து வரும் மொத்தம் 4 பைட் வகை. 2 என்பது 4-இன் மடங்கு அல்ல. அதனால் 2, 3 ஆகிய இரண்டு இடங்களும் வெறுமையாக விடப்பட்டு, மொத்தம் 4-இல் தொடங்கி 7-இல் முடிகிறது. காலி1 8-இல், காலி2 10-இல். படத்தொடக்கம் 12-இல், 12 என்பது 4-இன் மடங்கு, தடையில்லை. முடிவு 16. லாங் 8 பைட்டாக இருந்தபோது நடந்ததும் இதே கணக்குதான்: குறிக்குப் பிறகு 6 வெற்று பைட், 8-இல் மொத்தம், 16-இலும் 18-இலும் காலிகள், மறுபடி 4 வெற்று பைட், 24-இல் படத்தொடக்கம், முடிவு 32.

கடைசியில் விடப்படும் நிரப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு கேர், ஓர் இன்ட் (4 பைட்), மறுபடி ஒரு கேர் என்று ஸ்ட்ரக்சர் எழுதினால் உறுப்புகள் 0, 4, 8 ஆகிய இடங்களில் அமர்ந்து 9-இல் முடிந்துவிடும். ஆனால் சைஸ்ஆஃப் 12 என்று சொல்லும். அளவை 9 என்றே விட்டு, அந்த ஸ்ட்ரக்சர்களை அடுத்தடுத்து அடுக்கி ஓர் அரே செய்தால் இரண்டாவது ஸ்ட்ரக்சர் 9-இல் தொடங்கி, அதற்குள் இருக்கும் இன்ட் 13-இல் போய் விழும். 13 என்பது 4-இன் மடங்கு அல்ல. அரேயில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே தனியாக இடைவெளி விடச் சி மொழி அனுமதிக்காது என்பதால், ஸ்ட்ரக்சரே தன் கடைசியில் 3 பைட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அதாவது, ஸ்ட்ரக்சரின் அளவு அதிலுள்ள உறுப்புகளின் மிகப் பெரிய அலைன்மென்டுக்கு எப்போதும் மடங்காகவே இருக்கும். இன்ட்டை முதலில் எழுதி இரண்டு கேர்களையும் பின்னால் வைத்தால் அதே தகவல் 8 பைட்டில் அடங்கிவிடும். பத்து லட்சம் பதிவுகள் வைத்திருக்கும் நிரலில் இது 40 லட்சம் பைட் மிச்சம். பெரிய அலைன்மென்ட் உள்ளவற்றை முதலிலும் சிறியவற்றைப் பின்னாலும் எழுதும் பழக்கம் இதற்காகத்தான்.

இந்த ஒழுங்கு கணினிக்குக் கணினி மாறும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஒரு கேர், ஒரு டபுள் உள்ள ஸ்ட்ரக்சர் 32 பிட் இன்டெல் லினக்ஸில் 12 பைட். அதே 32 பிட்டில் விண்டோஸில் 16 பைட். டபுள் இரண்டிலும் 8 பைட்தான். அது உட்காரும் ஒழுங்குதான் வேறு. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள 8 பிட் ஏ.வி.ஆர். சிப்பில் எல்லா வகைக்கும் அலைன்மென்ட் 1. உங்கள் கோப்புத்தலையை அப்படியே அங்கே கம்பைல் செய்தால், பேக் எதுவும் செய்யாமலே 14 கிடைக்கும்.

இனி நீங்கள் கேட்ட முதல் கேள்வி, உறுப்பின் அளவு. சைஸ்ஆஃப் பார்வைக்கு ஃபங்ஷன் போல இருந்தாலும் அது ஓர் ஆபரேட்டர். வகையின் பெயரைக் கொடுத்தால் அடைப்புக்குறி கட்டாயம். மாறியையோ கோவையையோ (எக்ஸ்பிரஷன்) கொடுத்தால் அடைப்புக்குறி தேவையில்லை. சிறப்பான செய்தி என்னவென்றால், கொடுத்த கோவையை அது இயக்கிப் பார்ப்பதில்லை. அதன் வகையை மட்டும் பார்த்து, கம்பைல் செய்யும்போதே எண்ணைச் சொல்லிவிடுகிறது. நிரல் ஓடும்போது நீளம் முடிவாகும் சி99 அரேக்கள் மட்டும் இதற்கு விலக்கு. சைஸ்ஆஃபுக்குள் ஒரு மாறியை ஒன்று கூட்டும்படி எழுதினால் அந்த மாறியின் மதிப்பு கூடவே செய்யாது. இந்தக் குணம்தான், மாறி எதுவும் அறிவிக்காமல் உறுப்பின் அளவைக் கேட்க நமக்குக் கைகொடுக்கிறது:

#டிஃபைன் உறுப்பளவு(வகை, உறுப்பு) சைஸ்ஆஃப்(((வகை *)0)->உறுப்பு)

பூஜ்ய முகவரியை ஸ்ட்ரக்சர் பாயிண்டராக மாற்றி, அதன் உறுப்பைச் சுட்டுகிறோம். நிரல் முறிந்துவிடாதா என்று முதலில் பார்ப்பவருக்குப் பயம் வரும். முறியாது, கோவை இயக்கப்படுவதே இல்லை, பூஜ்ய முகவரியை யாரும் தொடுவதும் இல்லை. லினக்ஸ் கெர்னலில் சைஸ்ஆஃப்_ஃபீல்ட் என்ற பெயரில் இருப்பது இதே மேக்ரோதான். சி++ மொழியில் 2011 தரத்திலிருந்து வகைப் பெயரையும் உறுப்பையும் நேரடியாகவே சைஸ்ஆஃபுக்குக் கொடுக்கலாம். சி-யில் இன்றும் இந்தச் சுற்றுவழிதான்.

அளவு மட்டும் தெரிந்தால் போதாது, இடமும் தெரிய வேண்டும். எஸ்டிடிடெஃப் ஹெடரில் உள்ள ஆஃப்செட்ஆஃப் மேக்ரோ, ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து உறுப்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று சொல்லும். இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள்:

பிரின்ட்எஃப்("மொத்தம்: இடம் %இசட்யு, அளவு %இசட்யு\என்",
    ஆஃப்செட்ஆஃப்(ஸ்ட்ரக்ட் கோப்புத்தலை, மொத்தம்),
    உறுப்பளவு(ஸ்ட்ரக்ட் கோப்புத்தலை, மொத்தம்));

ஐந்து உறுப்புகளுக்கும் இப்படி ஒரு வரி எழுதினால் இடம் 0, 4, 8, 10, 12 என்றும், அளவு 2, 4, 2, 2, 4 என்றும் வரும். ஓர் உறுப்பின் இடத்தோடு அதன் அளவைக் கூட்டுங்கள். அது அடுத்த உறுப்பின் இடத்துக்குச் சமமாக இல்லையென்றால் நடுவில் நிரப்பு இருக்கிறது. குறிக்கு 0 + 2 = 2, அடுத்தது 4; அங்கேதான் உங்கள் 2 பைட். கடைசி உறுப்புக்கு இதே கூட்டலை ஸ்ட்ரக்சரின் மொத்த சைஸ்ஆஃபோடு ஒப்பிட்டால் வால் நிரப்பு தெரியும்.

அச்சிடும்போது சதவீதக் குறிக்குப் பின் இசட், யு இரண்டும் வேண்டும். சைஸ்ஆஃப் தருவது இன்ட் அல்ல. சைஸ்_டி என்ற குறியற்ற வகை. சதவீதம் டி என்று அச்சிட்டால் 64 பிட் கணினியில் பல நேரம் சரியான எண்போலத் தோன்றிவிடும். ஆனால் அது வரையறைக்கு உட்படாத செயல். வேறு கணினியில் கைவிட்டுவிடும். குறியற்ற வகை என்பதால் இன்னொரு பொறியும் உண்டு: சைஸ்ஆஃப் தந்த எண்ணிலிருந்து அதைவிடப் பெரிய எண்ணைக் கழித்தால் எதிர்மறை வராது, மிகப் பெரிய நேர்ம எண் வரும். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா என்று சோதிக்கும் வரிகள் இதனால் ஊமையாகிவிடும்.

பிட் ஃபீல்டாக (இத்தனை பிட் என்று அளவு கொடுத்து) அறிவித்த உறுப்புக்கு மட்டும் சைஸ்ஆஃபும் செல்லாது, ஆஃப்செட்ஆஃபும் செல்லாது; கம்பைலரே மறுத்துவிடும். பைட் எல்லையில் தொடங்காத ஒன்றுக்கு பைட்டில் விடை சொல்ல வழியில்லை.

மேக்ரோ எழுதக்கூட நேரமில்லாதபோது கருவிகள் இருக்கின்றன. ஜி.சி.சி. கம்பைலரில் மைனஸ் ஜி தேர்வோடு கம்பைல் செய்து, பிழை தேடும் கருவியான ஜி.டி.பி.யில் நிரலைத் திறந்து பிடைப், இடைவெளி, சாய்கோடு ஓ, பிறகு ஸ்ட்ரக்சரின் பெயர் என்று கொடுங்கள். ஒவ்வோர் உறுப்பின் இடம், அளவு, நடுவில் உள்ள ஓட்டை எல்லாம் வரிவரியாக வரும். 2018-இல் வெளியான ஜி.டி.பி. 8.1 முதல் இந்த வசதி உண்டு. கெர்னல் நிரலாளர் அர்னால்டோ கார்வாலோ டி மெலோ எழுதிய பாஹோல் என்ற கருவி இதையே இன்னும் விரிவாகச் செய்யும்: மொத்தம் எத்தனை ஓட்டை, எத்தனை பைட் வீண், எந்த உறுப்பு எந்த கேஷ் வரியில் விழுகிறது என்று கணக்குக் காட்டும். உபுண்டுவில் ட்வார்வ்ஸ் என்ற தொகுப்பில் வரும். ஜி.சி.சி.க்கு மைனஸ் டபிள்யு பேடட் என்ற எச்சரிக்கைத் தேர்வைக் கொடுத்தால் நிரப்பு விழும் ஒவ்வோர் இடத்தையும் சொல்லும். பெரிய நிரலில் இரைச்சலாகிவிடலாம், எப்போதும் போட்டு வைக்கும் தேர்வு அல்ல.

இப்போது உங்கள் 13107200-க்கு வருவோம். 200-க்கு 200, ஒரு புள்ளிக்கு 24 பிட் படம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு வரிசைக்கு 600 பைட், 200 வரிசைக்கு 120000, தலைப்புகள் இரண்டும் (இந்த 14, அதற்கு அடுத்து அகலமும் உயரமும் உள்ள 40) சேர்ந்து 54. ஆகக் கோப்பு 120054 பைட். சிறிய பைட் (எண்ணில் குறைந்த இடமதிப்பு உள்ளது) முதலில் வரும் முறையில் இது கோப்பின் 2, 3, 4, 5 ஆம் இடங்களில் 246, 212, 1, 0 என்று இருக்கும். நீங்கள் கோப்பைப் படிக்கும் எஃப்ரீட் கொண்டு 16 பைட்டை அப்படியே ஸ்ட்ரக்சரின் மேல் கொட்டினீர்கள். 246-உம் 212-உம் நிரப்பு பைட்டுகளில் விழுந்து காணாமல் போயின. ஸ்ட்ரக்சரில் மொத்தம் 4-இல் தொடங்குகிறதே, அதற்குக் கிடைத்தது 1, 0, 0, 0. கோப்பின் அளவு 1 என்று வந்தது அதனால்தான். குறி மட்டும் 19778 என்று சரியாக வந்திருக்கும். அது ஓட்டைக்கு முன்னால் இருக்கிறது. முதல் உறுப்பு சரி, அதற்குப் பிறகு எல்லாம் குழப்பம் என்று எங்கே பார்த்தாலும் முதலில் நிரப்பைச் சந்தேகியுங்கள்.

அங்கிருந்து எல்லாமே 2 பைட் தள்ளித்தான் விழுகிறது. படம் தொடங்கும் இடமான 54 கோப்பில் 10-இல் இருக்கிறது. உங்கள் ஸ்ட்ரக்சரில் 10-இல் இருப்பது காலி2. அச்சிட்டுப் பாருங்கள், காலியாக இருக்க வேண்டிய அதில் 54 இருக்கும். படத்தொடக்கத்தில் கோப்பின் 12 முதல் 15 வரையிலான பைட்டுகள்: 0, 0, 40, 0. அது 40 × 65536 = 2621440. அந்த 40 இரண்டாவது தலைப்பின் நீளம். இரண்டாவது தலைப்பு 40 பைட். அதன் உறுப்புகள் இயல்பாகவே ஒழுங்கில் அமைந்திருப்பதால் நிரப்பு எதுவும் இல்லை, தனியாகப் பார்த்தால் பிழையே தெரியாது. ஆனால் கோப்பில் 14-இல் தொடங்க வேண்டிய அதை நீங்கள் 16-இலிருந்து படிக்கிறீர்கள். அகலத்தின் கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் அகலத்தின் மேல்பாதியான 0 வந்து, மேல்பாதியின் இடத்தில் உயரத்தின் கீழ்ப்பாதியான 200 வந்துவிட்டது. 200 × 65536 = 13107200. உயரத்தின் மேல்பாதியில் வந்து உட்கார்ந்தது அடுத்த உறுப்பான தள எண்ணிக்கை 1; 1 × 65536 = 65536. அகலத்துக்கு நீங்கள் கண்ட எண்ணுக்குள் இருந்தது உயரம்தான். ஓர் எண் 65536-இன் சரியான மடங்காக வந்தால் இரண்டு பைட் தள்ளிப் படிக்கிறோமோ என்று சந்தேகிக்கலாம். 256-இன் மடங்காகவோ 16777216-இன் மடங்காகவோ வந்தால் ஒரு பைட்டோ மூன்று பைட்டோ தள்ளல். பிழை தேடும்போது இது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

தோழி சொன்ன பேக் வேலை செய்யுமா? செய்யும். ஸ்ட்ரக்சருக்கு முன்னால் பிராக்மா பேக் என்று எழுதி அடைப்புக்குள் புஷ், 1 என்றும், பின்னால் பிராக்மா பேக், பாப் என்றும் கொடுத்தால் சைஸ்ஆஃப் 14 ஆகிவிடும். ஜி.சி.சி.யில் அட்ரிப்யூட் பேக்ட் என்றும் எழுதலாம். விண்டோஸின் சொந்த ஹெடரிலேயே இந்தத் தலைப்பு 2 பைட் பேக்கோடுதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2-இன் மடங்கு போதும் என்றால் மொத்தம் 2-இலேயே உட்கார்ந்துவிடும்.

ஆனாலும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. பேக் செய்த ஸ்ட்ரக்சரின் உறுப்பைப் பெயர் சொல்லி எடுத்தால் ஆபத்தில்லை. அது ஒழுங்கில் இல்லை என்று கம்பைலருக்குத் தெரியும், அதற்கேற்ற கட்டளைகளை எழுதிக்கொள்ளும். அந்த உறுப்பின் முகவரியை எடுத்து, யுஇன்ட்32_டி பாயிண்டர் கேட்கும் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் கதை வேறு. அந்த ஃபங்ஷனுக்கு இது பேக் செய்யப்பட்டது என்று தெரியாது. 4-இன் மடங்கான முகவரி என்றே நம்பும். ஏ.ஆர்.எம். கார்டெக்ஸ் எம்0 சிப்பில் உடனே ஹார்ட் ஃபால்ட் வந்து நின்றுவிடும். இன்டெல் கணினியில் பெரும்பாலும் ஓடிவிடும் என்பதால் பிழை மறைந்தே கிடக்கும்; கம்பைலர் வேகத்துக்காக வெக்டர் கட்டளைகளைப் பயன்படுத்தத் தொடங்கும் நாளில் அங்கேயும் முறியலாம். ஜி.சி.சி. 9 முதல் இப்படி முகவரி எடுத்தால் தானாகவே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை ஒருபோதும் அணைத்துவிடாதீர்கள்.

இதைவிட மோசமானது பாப் எழுத மறப்பது. ஒரு ஹெடரில் பேக் 1 என்று திறந்துவிட்டு மூடாமல் விட்டால், அதற்குப் பின் சேர்க்கப்படும் எல்லா ஹெடர்களின் ஸ்ட்ரக்சர்களும் சுருங்கிவிடும். ஏற்கெனவே கம்பைல் ஆன நூலகம் அதே ஸ்ட்ரக்சரைப் பழைய அளவிலேயே பார்க்கும். ஒரே பெயர், இரண்டு அளவு. கம்பைலரும் பேசாது, லிங்கரும் பேசாது. நிரல் எங்கோ தொடர்பில்லாத இடத்தில் விழும். இரண்டு கோப்புகளிலும் அதே ஸ்ட்ரக்சருக்கு சைஸ்ஆஃப் அச்சிட்டு ஒப்பிட்டால் இதைப் பிடித்துவிடலாம்.

பேக் பைட் வரிசையையும் சரிசெய்யாது. பி.எம்.பி. சிறிய பைட் முதலில் என்ற முறை. பெரிய பைட் முதலில் வைக்கும் கணினியில் 14 சரியாக வந்தாலும் எண்கள் தலைகீழாக வரும். ஆகவே என் பரிந்துரை: கோப்பிலிருந்து 54 பைட்டை ஓர் அன்சைன்ட் கேர் அரேக்குள் படியுங்கள்; அதிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் நீங்களே கூட்டி எடுங்கள்; எடுத்ததைச் சாதாரண ஸ்ட்ரக்சரில் வையுங்கள்.

யுஇன்ட்32_டி படி32(கான்ஸ்ட் அன்சைன்ட் கேர் *ப)
{
    ரிட்டர்ன் (யுஇன்ட்32_டி)ப[0]
         | (யுஇன்ட்32_டி)ப[1] << 8
         | (யுஇன்ட்32_டி)ப[2] << 16
         | (யுஇன்ட்32_டி)ப[3] << 24;
}

ஒவ்வொரு பைட்டையும் நகர்த்துவதற்கு முன்பே யுஇன்ட்32_டி ஆக மாற்றுவது அலங்காரம் அல்ல. மாற்றாவிட்டால் பைட் முதலில் குறியுள்ள இன்ட் ஆகிவிடும்; 128-உம் அதற்கு மேலும் உள்ள பைட்டை 24 பிட் நகர்த்தும்போது குறிப் பிட்டில் மோதி வரையறை மீறல் ஆகும். இதேபோல 2 பைட்டுக்கு ஒரு படி16 எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மொத்தம் என்பது படி32(அரே + 2), படத்தொடக்கம் படி32(அரே + 10), அகலம் படி32(அரே + 18), உயரம் படி32(அரே + 22), புள்ளிக்கு எத்தனை பிட் என்பது படி16(அரே + 28). ஸ்ட்ரக்சர் 16 பைட்டாக இருந்தாலும் 32 ஆக இருந்தாலும் இனி அது உங்கள் கவலை இல்லை.

எங்கேயாவது பேக் தவிர்க்கவே முடியாது என்று வந்தால், அளவைக் கம்பைலர் கையிலேயே உறுதி செய்து வையுங்கள். சி11 தரத்தில் வந்த ஸ்டேட்டிக் அசெர்ட் இதற்குத்தான்:

_ஸ்டேட்டிக்_அசெர்ட்(சைஸ்ஆஃப்(ஸ்ட்ரக்ட் கோப்புத்தலை) == 14, "தலைப்பு 14 பைட் இல்லை");

அளவு மாறினால் நிரல் கம்பைலே ஆகாது. இதையே ஹேஷ் இஃப் கொண்டு எழுத முயலாதீர்கள். கம்பைலுக்கு முன்பே நடக்கும் அந்தக் கட்டத்தில் சைஸ்ஆஃபுக்குப் பொருளே கிடையாது.

அடுத்து அந்த 8. அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அரே போவதில்லை, அதன் முதல் உறுப்பின் முகவரிதான் போகிறது. ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் சதுர அடைப்பு போட்டு 54 என்று எழுதியிருந்தாலும் சி அதைப் பாயிண்டர் என்றே படிக்கும். 64 பிட் கணினியில் பாயிண்டர் 8 பைட். உங்களுக்குக் கிடைத்தது அதுதான். அரே அறிவிக்கப்பட்ட இடத்திலேயே சைஸ்ஆஃப் எடுத்து, நீளத்தைத் தனி மாறியாக அனுப்புங்கள். ஆனால் ஸ்ட்ரக்சருக்கு உள்ளே உறுப்பாக இருக்கும் அரே இப்படிச் சுருங்காது. பெயர் என்ற உறுப்பு 20 கேர் கொண்ட அரே என்றால் உறுப்பளவு 20 என்றே சொல்லும். அதையே கேர் பாயிண்டராக அறிவித்திருந்தால் எவ்வளவு நீளமான பெயரைச் சுட்டினாலும் 8-தான்.

நினைவகம் கேட்டு வாங்கும் மாலாக்கில் நடப்பதும் இந்தக் குழப்பம்தான். ஸ்ட்ரக்சர் பாயிண்டர் ஒன்று ப என்றால், சைஸ்ஆஃப் ப என்பது பாயிண்டரின் 8. சைஸ்ஆஃப் *ப என்பது ஸ்ட்ரக்சரின் அளவு. நட்சத்திரம் ஒன்று விட்டுப்போனால் 16 பைட் வேண்டிய இடத்தில் 8 மட்டும் வாங்கிக்கொண்டு பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதத் தொடங்கிவிடும். வகைப் பெயரை எழுதுவதைவிட நட்சத்திர வடிவமே நல்லது. பிறகு பாயிண்டரின் வகையை மாற்றினாலும் அளவு தானாக மாறிக்கொள்ளும். ஸ்ட்ரக்சரின் கடைசியில் நீளம் குறிப்பிடாத அரே வைத்திருந்தால் சைஸ்ஆஃப் அந்த அரேயைக் கணக்கில் சேர்க்காது. எத்தனை உறுப்பு வேண்டுமோ அத்தனைக்கான இடத்தை நீங்கள்தான் கூட்டிக் கேட்க வேண்டும்.

நிரப்பு பைட்டுகளுக்குள் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. எல்லா உறுப்பும் சமமாக உள்ள இரண்டு ஸ்ட்ரக்சர்களை பைட் பைட்டாகப் பார்க்கும் மெம்சிஎம்பி கொண்டு ஒப்பிட்டால் நிரப்பில் உள்ள பழைய குப்பையால் வேறு என்று சொல்லிவிடலாம். உறுப்பு உறுப்பாகத்தான் ஒப்பிட வேண்டும். ஸ்ட்ரக்சரை அப்படியே கோப்பிலோ நெட்வொர்க்கிலோ எழுதினால் அந்தக் குப்பையும் வெளியே போகும். அதில் கடவுச்சொல்லின் ஒரு துண்டுகூட இருக்கலாம். கெர்னலிலிருந்து பயனர் நிரலுக்கு நிரப்பு பைட் வழியாகத் தகவல் கசிந்த பிழைகளை லினக்ஸில் பலமுறை திருத்தியிருக்கிறார்கள்.

மாற்றி எழுதிய பிறகு உங்கள் படத்துக்கு வர வேண்டிய எண்கள்: குறி 19778, மொத்தம் 120054, படத்தொடக்கம் 54, இரண்டாவது தலைப்பின் நீளம் 40, அகலம் 200, உயரம் 200, தளம் 1, புள்ளிக்கு 24 பிட். படத்தொடக்கம் 54-ஆகவே இருக்கும் என்று நிரலில் பதித்துவிடாதீர்கள். நிறப் பட்டியல் உள்ள படங்களில் அது மாறும், தலைப்பில் உள்ள எண்ணுக்கே போங்கள். அகலத்தையும் உயரத்தையும் இன்ட்32_டி ஆக வையுங்கள். உயரம் எதிர்மறையாக வந்தால் படம் மேலிருந்து கீழாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், பிழை அல்ல.

இது சரியானதும் 201-க்கு 200 அளவில் ஒரு படம் செய்து சோதியுங்கள். ஒரு வரிசைக்கு 603 பைட் என்று நினைப்பீர்கள், பி.எம்.பி. அமைப்பு ஒவ்வொரு வரிசையையும் 4-இன் மடங்குக்கு நிரப்பச் சொல்கிறது, ஆகவே 604. இந்த நிரப்பு கம்பைலர் வைத்தது அல்ல, கோப்பிலேயே இருப்பது. சைஸ்ஆஃப் இதைச் சொல்லாது. அகலத்தை 3-ஆல் பெருக்கி, 3 கூட்டி, 4-ஆல் முழு எண்ணாக வகுத்து, மறுபடி 4-ஆல் பெருக்குங்கள். மொத்தம் 120854 என்று வந்து, படம் சாய்ந்து போகாமல் நேராகத் தெரிந்தால் உங்கள் நிரல் சரியாகப் படிக்கிறது.